பதினாறாம் இலக்கப் படிக்கட்டு

ராட்கே சொன்ன அந்தக் கதையைப் பத்மசீலன் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. அதை அவன் எவரிடமும் சொன்னதுமில்லை, பெண்சாதி சாருமதியிடம்கூட. தன் உயிரைக் காப்பாற்றிய மனிதரைச் சந்தேகப்படுவது, அதுவும் முப்பத்துமூன்று வருடமாக அவர் வீட்டுக் கோப்பியைக் குடித்துக்கொண்டே சந்தேகப்படுவது, வெளியில் சொல்லக்கூடிய காரியமா? ஆனால் இன்று சனிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிரிங்க்மன் ரீச்சர் வரப்போகிறார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவர், நல்ல மனுசி. அவர் எழுதிய இரண்டு பக்கம் ஐந்தாம் மாடியில், ராட்கேயின் குசினி மேசையில், சீனிப் போத்தலுக்குக் கீழே கிடக்கிறது. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே அவனுடைய முழுப்பெயர், அதற்குக் கீழே 'சாட்சி' என்ற சொல். அவன் கையெழுத்து வைத்தால் அடுத்த மாதம் இந்தக் கட்டடத்தின் முன்சுவரில் ஒரு பலகை ஏறும்: ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டில் இந்த வீட்டில் கெர்ட் ராட்கே என்பவர் ஒன்பது அகதிகளைக் காப்பாற்றினார் என்று. வைக்காவிட்டால் ஏறாது. வெளிநாட்டுக்காரரை எல்லாம் திருப்பி அனுப்புவோம் என்று சொல்கிற அந்தக் கட்சிக்கு நகரசபையில் இப்போது பதினொரு பேர். அவர்கள்தான் எழும்பி நின்று, கட்டுக்கதைக்கெல்லாம் பலகையா, இதைக் கண்ட சாட்சி எங்கே என்று கேட்டவர்கள். ஒன்பது பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. மற்றவர்கள் கனடாவிலும் லண்டனிலும். இந்த வால்டன்ரோடா நகரத்தில் மிச்சமிருப்பது அவன் ஒருவன். அவனோ கதவுக்கு வெளியே நடந்த எதையும் காணவில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால், ஒரு துவாயை வாயில் அடைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

முதலில் படி. படியைக் கழுவிவிட்டுக் கையெழுத்து என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிழமைக்கு ஒரு வீடு முறை வைத்துப் படிக்கட்டைக் கழுவ வேண்டும். யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவுப்பிடியில் ஓர் அட்டை தொங்கும், கழுவி முடித்தவர் அதை அடுத்த கதவில் கொழுவிவிட வேண்டும். நாட்டை இரண்டாகப் பிரித்த சுவர் இடிந்து, நாடு மாறி, காசு மாறி, தெருப்பெயர்கள்கூட மாறிய பிறகும் அந்த அட்டை மாறவில்லை. ராட்கே அந்தக் காலத்தில் இந்தப் பதினாறாம் இலக்க வாசலுக்குக் காவலாளியாக, பழுது பார்ப்பவராக, சண்டை தீர்ப்பவராக எல்லாமாக இருந்தவர். எண்பத்திரண்டு வயதாகி முழங்கால் இரண்டும் போன பின்னும் தன் முறையை விட்டுக்கொடுக்கமாட்டார். காசு கொடுத்து ஆள் பிடிக்கவும் மாட்டார். ஆகவே நாலு வருடமாக அவர் முறை வரும் கிழமைகளில் பத்மசீலன் வருகிறான். அவர் ஒரு கதிரையைக் கதவு வாசலில் போட்டு இருந்து, கைப்பிடிக் கம்பிகளுக்கு ஊடாகக் கீழே பார்த்தபடி வேலை வாங்குவார். "சீலன், அந்த மூலை! அங்கே என்ன பூச்செடியா வளர்க்கிறாய்?" என்பார். "தண்ணியைப் பிழிந்து போடு, இது உன்ர ஊர் வயல் இல்லை." அவன் துணியைப் பிழிந்தான். அவருக்கு இவன் 'நீ'. இவனுக்கு அவர் எப்போதும் 'நீங்கள்'. என்னைக் கெர்ட் என்று கூப்பிடு என்று அவர் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு தடவை முயன்றும் பார்த்தான். நாக்கு வளையவில்லை. தன் தகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் காது சுட்டது. வெந்நீரில் எலுமிச்சை மணம். முதல் படி, இரண்டாம் படி, பின்பக்கமாக இறங்கி இறங்கி, ஒவ்வொரு படியையும் இடமிருந்து வலமாக. முழங்காலில் இருந்து செய்கிற வேலைக்கு ஒரு குணம் உண்டு. உடம்பு தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருக்க, மனம் ஏறிக்கொண்டே போகும்.

அதுவும் ஒரு சனிக்கிழமைதான். ஓகஸ்ட் மாதம், எட்டு மணியாகியும் வெயில் சாயவில்லை, எல்லாரின் முகமும் தெளிவாகத் தெரிந்தது, அதுதான் அவனுக்கு இன்றுவரைக்கும் பெரிய பயம், முகங்கள் தெரிந்தது. பதினாலாம் இலக்கம்தான் அகதிகள் விடுதி, இதே நீளக் கட்டடத்தின் அடுத்த வாசல், சுவரோடு சுவர். மூன்று நாளாகச் சின்னக் கூட்டம் வந்து கத்திவிட்டுப் போனது. நாலாம் நாள் கூட்டம் போகவில்லை. தலை மழித்த பெடியள் முன்னுக்கு நின்றார்கள், அவர்களைப் பார்த்து அவன் அவ்வளவு பயப்படவில்லை. அவர்களுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கடையில் இவனுக்குப் பாண் எடுத்துத் தருகிற மனிதர் நின்றார். ஒவ்வொரு கண்ணாடி உடைகிறபோதும் அவர்கள் கைதட்டினார்கள். ஒரு விளையாட்டுப் போட்டியில் தட்டுவதைப்போல, ஒரு தாளத்தோடு. பிறகு கீழ்மாடியில் நெருப்பு. படிக்கட்டு முழுதும் கறுத்தப் புகை. ஒன்பது தமிழர், எல்லாரும் மேலே ஓடிக் கூரைக்குப் போகிற இரும்பு மூடியைத் தோளால் இடித்துத் திறந்தார்கள். தட்டைக் கூரை, காலுக்குக் கீழே வெயிலில் இளகிய தார். பதினாறாம் இலக்கத்தின் மூடி அந்தப் பக்கத்தால் பூட்டிக் கிடந்தது. வல்வெட்டித்துறைச் சிவகுமாரண்ணை அதன் பக்கத்தில் குந்தி இருந்து அறைந்துகொண்டே இருந்தார். கதவைத் தட்டுவதுபோலக்கூட இல்லை, பிரேதப் பெட்டியில் அறைவதுபோல. அப்போதுதான் அது உள்ளிருந்து திறந்தது. சாவிக்கொத்தோடு ஒரு பெரிய சிவந்த முகம். அதற்கு முதல்நாள்வரை அந்த முகம் குப்பைத்தொட்டி மூடியைச் சரியாக மூடவில்லை என்று இவர்களை ஏசிய முகம். ஒரு சொல்லும் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டியது: இறங்குங்கள்.

இதுவரைக்கும் சந்தேகமில்லை. இது அவன் கண்டது, இதற்குக் கையெழுத்தென்ன, கைரேகையும் வைப்பான். நாலாம் மாடித் தட்டுக்கு வந்துவிட்டான். வாளித் தண்ணீர் மண்ணிறமாகியிருந்தது. இந்த மனிதரைப்போல ஒருவரை அவன் தன் சீவியத்தில் கண்டதில்லை. வேறு யாரும் கதவைத் திறக்கவில்லை, இந்த வாசலில் இருபது வீடு, இருபது கதவு, அவர் ஒருவர். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. அந்தக் கதையில் இவனுடைய பிழையும் இருக்கிறது. உயிர் தப்பி ஓடிவந்த ஒன்பது பேரும் ராட்கேயின் வாசலில் வந்து நின்றார்கள், நின்று, ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். பின்னால் நெருப்பு, கீழே கொலைவெறி, ஆனால் செருப்புக் காலோடு ஒரு வீட்டுக்குள் எப்படிப் போவது? ஒருவரும் யோசிக்கவில்லை, கால் தன்பாட்டில் செய்தது. வாசலுக்கு வெளியே, படிக்கட்டுத் தட்டில், ஒரு கலியாண வீட்டு வாசல்போல ஒழுங்கான வரிசை. ராட்கேயின் மனைவி எல்ஃப்ரீடே தலையில் கைவைத்தாள். பிறகு உடுப்புத் தோய்க்கிற கூடையைக் கொண்டு ஓடிவந்து எல்லாவற்றையும் அள்ளிப்போட்டாள். கடைசியாகக் கூரையிலிருந்து இறங்கியவன் பத்மசீலன். அவள் கூடையோடு உள்ளே போன பிறகு வந்து, அவனும் கழற்றினான். நீலவார் போட்ட பாட்டாச் செருப்பு, ஏழாம் நம்பர். அது வெளியிலேயே கிடந்தது.

ராட்கே சொன்ன கதை இதுதான், ரீச்சர் எழுதியிருப்பதும் இதுதான். குளியலறைக்குள் ஒன்பது பேரையும் விட்டுப் பூட்டிய பிறகு படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நாலைந்து பேர், கையில் பொல்லு. அகதிகள் கூரையால் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். காலடியில் அந்தச் செருப்பைக் கண்டார். உடனே தன் பாதத்தை அதற்குள் நுழைத்துக்கொண்டு நின்றார். இங்கே நானும் மனுசியும்தான், போங்கள் கீழே என்றார். அவர்கள் போய்விட்டார்கள். அவ்வளவுதான். எத்தனை தடவை சொன்னாலும் ஒரு சொல் கூடாது, குறையாது. அதுதான் முதல் சந்தேகம். உண்மையை மனிதர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாகத்தான் சொல்வார்கள். நாற்பத்தாறாம் நம்பர்க் கால் ஏழாம் நம்பர்ச் செருப்புக்குள் எப்படிப் போகும் என்பது இரண்டாம் சந்தேகம். மறுநாள் அவன் செருப்பைப் பார்த்தான், வார் ஒருபக்கம் பிடுங்கி வந்திருந்தது, ஆனால் அது பழஞ்செருப்பு, முதலே பிடுங்கியிருக்கலாம். மூன்றாவதுதான் சந்தேகங்களுக்கெல்லாம் தாய். போங்கள் என்று ஒருவர் சொன்னவுடன் போகிற கூட்டமா அது? பத்மசீலன் குளியலறைக்குள்ளே கேட்டது வேறு. சப்பாத்துச் சத்தம் வந்து நின்றது. ராட்கேயின் குரல். பிறகு கன்னத்தில் விழுகிற ஓர் அறை, சந்தேகமில்லை, வெறுங்கை வெறுங்கன்னத்தில் விழுகிற சத்தம். அதற்குப் பிறகு சிரிப்பு. மூன்று நாலு பேர் சேர்ந்து சிரித்த சிரிப்பு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஓர் இளங்குரல் ஏதோ சொன்னது. பிறகு சப்பாத்துகள் இறங்கிப் போயின. அறையும் இல்லை, சிரிப்பும் இல்லை ராட்கேயின் கதையில்.

யார் யாரை அறைந்தது? அவர்கள் ராட்கேயை அறைந்து சிரித்துவிட்டுப் போனார்களென்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தான். அவமானத்தால் சொல்லாமல் விட்டிருப்பார் என்று. ஆனால் அடுத்த நாள் காலை அவர் முகத்தில் ஒரு அடையாளமும் இல்லை. அந்தச் சிவந்த தோலில் நுளம்பு கடித்தாலே தடிக்கும். பிறகு வேறொரு நினைப்பு வந்தது, வெட்கங்கெட்ட நினைப்பு. சிரிப்பு எதிரிகளுக்கிடையில் வருவதில்லை, தெரிந்தவர்களுக்கிடையில்தான் வரும். அப்படியானால் ராட்கே அவர்களுக்குத் தெரிந்தவரா, அவர்களோடு ஏதாவது பேசி முடித்தவரா, கீழே நின்று கைதட்டிவிட்டு மனம் மாறி மேலே ஓடிவந்தவரா? தொண்ணூற்றெட்டில் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டான், அன்றைக்கு ஓர் அடிச்சத்தம் கேட்டதே என்று. "பயத்தில காதுக்கு எல்லாம் கேட்கும், சீலன்," என்றார் ராட்கே. "கேக் எடு." அவன் கேக் எடுத்தான். பிறகு இருபத்தேழு வருடம் கேட்கவில்லை. கேட்காதது மரியாதையாலா பயத்தாலா என்று தெரியாது. சட்டைப்பைக்குள் ரெலிபோன் அதிர்ந்தது. சாருமதி. ஈரக்கையால் எடுத்தான்.

"இஞ்சரப்பா, வைச்சிட்டியளோ?"

"இன்னும் இல்லை. படி கழுவுறன்."

"உங்களுக்கென்ன விசரே? படி எங்க ஓடப்போகுது? அந்த மனுசன் கண்ணை மூடினாப் பிறகே வைக்கப் போறியள்?"

"ஐஞ்சு மணிக்குத்தான் ரீச்சர் வாறா."

"யோசிக்கிறியள் என்ன? குரலிலயே தெரியுது. எல்லாத்தையும் யோசிச்சு யோசிச்சே நாசமாக்குங்கோ. அந்தாள் இல்லாட்டி நான் ஆரைக் கட்டியிருப்பன்?"

"உனக்கு ஒரு டொக்டர் கிடைச்சிருப்பான்."

"அது உண்மைதான்," என்று சிரித்துவிட்டு வைத்தாள். அவளுக்கு எல்லாம் நேர்க்கோடு. திறந்தவர் நல்லவர், எரித்தவர் கெட்டவர், கையெழுத்தை வை. அவன் ஏன் இப்படி? ஒரு நல்லதைக் கண்டால் அதன் அடியைப் புரட்டிப் பார்க்காமல் ஏன் அவனால் இருக்க முடியவில்லை? பொறாமையாக இருக்கலாம். ஓம், பொறாமைதான். துணியை வாளிக்குள் அமுக்கிப் பிடித்தான், குமிழி வந்தது. அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது, தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபர், யாழ்ப்பாணத்தில். முஸ்லிம் சனங்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லி இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. அவனோடு ரியூசனில் படித்த நிஸ்தார், தாயையும் இரண்டு தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு, தோளில் ஒரு பையோடு, இவன் வீட்டுப் படலையைக் கடந்து போனான். நிஸ்தார் திரும்பிப் பார்த்தான். ஒரு கிளாஸ் தண்ணி கேட்கப் போகிறானோ என்று நினைத்துப் பத்மசீலன் உள்ளே போய்விட்டான். உள்ளே போய்ச் சும்மா நின்றான். கைதட்டவில்லை. கல் எறியவில்லை. உள்ளே போனான், அவ்வளவுதான். இரண்டே வருடத்தில் இன்னொரு நாட்டில் அவனுக்காக ஒருவர் வெளியே வந்தார். ஆகவே இவனுக்கு அந்தக் கதவு திறந்ததில் ஒரு ஓட்டை தேவையாக இருக்கிறது, ராட்கேயும் தன்னைப்போலத்தான் என்று எண்ணிக்கொள்ள. இதை எந்த ரீச்சர் எழுதுவார்? இதற்கு எந்தக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பது?

மூன்றாம் மாடிக் கதவில் அந்தக் கட்சியின் துண்டுப்பிரசுரம் செருகியிருந்தது. ஒரு குடும்பம், வெள்ளைப் பல்லுகள், பின்னால் கோதுமை வயல், 'எங்கள் வீடு எங்களுக்கே.' இப்போது தலை மழிப்பதில்லை, பொல்லுத் தூக்குவதில்லை. நல்ல சேட், நல்ல சிரிப்பு, கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மரியாதை. ராட்கே இதைப்பற்றி அதிகம் பேசமாட்டார். ஒருநாள் மட்டும் அலுமாரியிலிருந்து தன் தகப்பனின் படத்தை எடுத்துக் காட்டினார். ராட்கே பிறந்த வருடமே கிழக்குப் போர்முனைக்குப் போய்த் திரும்பாதவர். படத்தில் சீருடை, படிய வாரிய தலை, இடது மேற்கையில் ஒரு சதுரத் துளை. கைப்பட்டியில் சுவஸ்திகாச் சின்னம் இருந்த இடத்தைத் தாய் போர் முடிந்த அன்று கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டாளாம். "சின்னத்தை வெட்டலாம்," என்றார் ராட்கே. "மிச்சம் ஆள் அப்படியே நிக்கிறார், பார். நல்ல தகப்பன் என்றுதான் எல்லாரும் சொல்லுவினம். நான் வளர்ந்தது அந்தத் துளையைப் பார்த்துத்தான்." அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. வீட்டில் ஒரு குழாய் தலைமுறை தலைமுறையாக ஒழுகுவதைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. பழுது பார்க்கிறவரின் குரல். எங்கே ஒழுகும் என்று அவருக்குத் தெரியும்.

கீழ்க்கதவு அடித்துச் சாத்தியது. சப்பாத்துச் சத்தம் ஏறி வந்தது, இரண்டு பேர், பாரமான காலடிகள். பத்மசீலனின் முதுகு ஒரு கணம் விறைத்தது. முப்பத்துமூன்று வருடம் கழிந்தும் இந்தப் படிக்கட்டில் அந்தச் சத்தத்துக்கு முதுகுதான் முதலில் பதில் சொல்லும். வந்தது மைக், ராட்கேயின் ஒரே மகன், ஐம்பத்தொரு வயது, இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தல் பெட்டி. சனிக்கிழமைகளில் தகப்பனுக்குச் சாமான் கொண்டுவருவான். வரும் தேர்தலில் அந்தக் கட்சிக்கு நகரசபை வேட்பாளர். இருபது வயதுக்கு முன்பே மேற்குப் பக்கம் வேலைக்குப் போனவனைப் பத்மசீலன் முதல்முதலாகக் கண்டதே எல்ஃப்ரீடேயின் செத்தவீட்டில்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவனிடமிருந்து ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் இல்லை. அவனுக்குப் பின்னால் பசை வாளியும் சுருட்டிய சுவரொட்டிகளுமாக ரோனி என்ற பருத்த கூட்டாளி. மைக் ஈரப்படியில் கால் வைத்தான், ஒன்று, இரண்டு, மூன்று, கறுத்த அச்சுகள் விழுந்தன.

"மைக்!" மேலேயிருந்து ராட்கேயின் குரல். "சப்பாத்து!"

"அப்பா, கையில பெட்டி கிடக்குது."

"கிடந்தா? காலுக்குக் கண் தெரியாதோ? அந்த மனுசன் முழங்காலில நிண்டு கழுவுறான், நீ மாடு மாதிரி ஏறுறாய். கழட்டு."

மைக் பெட்டிகளைக் கீழே வைத்தான். குனிந்தான். ஐம்பத்தொரு வயது மனிதனின் காது இரண்டும் சிவந்துபோயின. கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். ரோனிக்குச் சிரிப்புப் பீறிட்டது. சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ, நகரத்தைத் துப்புரவாக்கப் போற தலைவர் சப்பாத்துக் கழட்டுறார்! மைக், காதையும் திருகுவாரோ?" பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "இவருக்குத்தானே பலகை அடிக்கப் போயினம்? சாட்சி இல்லாத கதைக்கு?" என்றான்.

"வாயை மூடு," என்றான் மைக். உரத்துச் சொல்லவில்லை. ரோனி மூடினான். மைக் ஒரு கையில் சப்பாத்துகளையும் மறுகையில் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு, சாம்பல் நிறக் காலுறையோடு ஈரத்தில் நின்றான். தான் பதித்த அச்சுகளைப் பார்த்தான், பத்மசீலனைப் பார்த்தான். "மன்னிக்க வேணும், ஹெர் சீலன்," என்றான், மரியாதையாக 'ஹெர்' போட்டு. ஏறிப் போனான். பிறகு திரும்ப வந்து இரண்டாவது பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினான்.

பத்மசீலன் துணியைப் பிடித்தபடி அப்படியே இருந்தான். அந்தச் சிரிப்பு. அவன் அந்தச் சிரிப்பை முப்பத்துமூன்று வருடம் காதுக்குள் வைத்துத் தேய்த்திருக்கிறான், அதன் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். இது அதுதான். ரோனி சிரித்த சிரிப்பில் பகையும் இல்லை, சதியும் இல்லை. கூட்டாளி தகப்பனிடம் பேச்சு வாங்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு. ரியூசன் வாசலில் கூட்டாளி செல்வத்தின் தகப்பன் கிளுவங்கம்போடு வந்து நின்று நாலு போட்டபோது இவனும்தானே அப்படிச் சிரித்தான், அடக்க முடியாமல், வயிறு நோக. கையில் பொல்லோடு நாலைந்து பேர் வருகிறார்கள். அதில் ஒருவனின் கன்னத்தில் ஓர் அறை விழுகிறது. திருப்பி அடி விழவில்லை. மற்றவர்கள் பாயவில்லை, சிரிக்கிறார்கள். பொல்லோடு நிற்கிற ஒருவனை வெறுங்கையால் அறைந்துவிட்டு உயிரோடு நிற்கக்கூடிய மனிதர் உலகத்தில் யார்? ஓர் ஆள்தான். இவ்வளவு சின்னக் கணக்கு, இவ்வளவு வருடம் எடுத்திருக்கிறது. கீழே நின்று கைதட்டியவரில்லை ராட்கே. அவர்களோடு பேசி முடித்தவரில்லை. வீட்டுக்குள் ஒன்பது அந்நியரை வைத்துக்கொண்டு, வாசலில் தன் சொந்தப் பிள்ளையைக் கண்டவர். கண்டும் கதவை விட்டு விலகாதவர். இவரையா? இவரையா சந்தேகப்பட்டேன்? அந்நியரின் முன்னால் நிற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும், சரி. பெற்ற பிள்ளையின் முன்னால் நிற்பதற்கு எதைச் சொல்வது, அதற்கு அவனிடம் எந்தப் பாஷையிலும் சொல் இல்லை. பிறகு அதை ஒருவருக்கும் சொல்லாமல், பொலிசுக்கும் சொல்லாமல், காப்பாற்றப்பட்டவனுக்கும் சொல்லாமல், ஒரே கதையை ஒரு சொல் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தாரே. மாறினால் மகன் வெளியே வந்துவிடுவான் என்றுதானே மாறவில்லை.

இரண்டாம் மாடி. முதலாம் மாடி. மைக்கும் ரோனியும் இறங்கிப் போனார்கள், இந்தத் தடவை இருவருமே காலுறையோடு, வாசலில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டார்கள். கதவு சாத்தியது. வேலை முடிந்ததுபோல இருந்தது, ஆனால் மனம் இன்னும் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டு இழுபட்டது. சிரிப்புக்குப் பிறகு ஒன்றுமில்லாத ஒரு நேரம் இருந்தது. எவ்வளவு நேரம்? குளியலறைக்குள் அது ஒரு வருடம். வெளியே நாலு செக்கன், ஐந்து செக்கன். அறை வாங்கியவன் தலையைக் குனிந்திருப்பான். எல்லாரும் குனிவார்கள். குனிந்தால் தரை தெரியும். தகப்பனின் கால் தெரியும். படிக்கட்டுத் தட்டில் ஒரு குழந்தைச் சைக்கிளைக்கூட வைக்க விடாத காவலாளி, சப்பாத்து மினுக்காமல் குப்பை கொட்டக்கூட இறங்காத மனிதர், அரைப்பாதம் வெளியே தள்ள ஒரு றப்பர்ச் செருப்போடு நிற்கிறார். மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு மனிதரின் கால். ஆனால் அந்த வீட்டில் பதினெட்டு வருடம் வளர்ந்த பிள்ளைக்கு அது தகப்பனின் செருப்பில்லை என்று தெரியாதா? அதற்குப் பிறகுதான் அந்த இளங்குரல் வந்தது. அன்று அவனுக்கு அந்தப் பாஷை தெரியாது, என்ன சொன்னதென்று இன்றைக்கும் தெரியாது, ஆனால் அது கட்டளையிடுகிற குரல். அதற்குப் பிறகுதான் சப்பாத்துகள் இறங்கின. போகச் சொன்னது தகப்பனா, மகனா? இல்லை, இது அவன் குணம், எதையும் புரட்டுகிற குணம். அவமானம் தாங்காமல் கிளம்பியிருப்பான், அதுதான் இயல்பு. ஒன்றும் கண்டிருக்கமாட்டான். கண்டிருந்தால் இன்றைக்கு அந்தச் சுவரொட்டியை எப்படி ஒட்டுவான்? கண்டிருந்தபடியால்தான் ஒட்டுகிறானோ? ஒருநாள் தன் ஆட்களுக்குத் துரோகம் செய்ததை முப்பத்துமூன்று வருடமாக ஒட்டி ஒட்டி மறைக்கிறானோ? கடைசிப் படி. அட்டையைக் கீழ்வீட்டுக் கதவில் கொழுவினான். வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினான். அவனுக்கும் ஐம்பத்தாறு வயது.

ராட்கே குசினிக்குள் வந்து இருந்தார். பத்மசீலன் வாளியைக் கொட்டி, துணியை மூன்று தண்ணியில் அலசி, அவர் பார்க்கும்படியாகப் பிழிந்து காயப்போட்டான். மணி நாலே முக்கால். இரண்டு பக்கத்தையும் சீனிப் போத்தலுக்குக் கீழிருந்து உருவி எடுத்து அவர் அவன் பக்கமாகத் தள்ளினார்.

"பேனை அங்க கிடக்கு. வைச்சிட்டு இரு, கோப்பி போடுறன். ரீச்சருக்குப் பால் விடக்கூடாதாம், வயிறு சரியில்லையாம். என்ன படிப்பிச்சாளோ."

பத்மசீலன் பேனையை எடுத்தான். இருக்கவில்லை.

"அந்த அறை மைக்குக்குத்தானே விழுந்தது?" என்றான்.

ராட்கே கோப்பிப் பேணியைத் திறந்துகொண்டிருந்தார். மூடியைத் திரும்ப மூடினார். அவருடைய வலதுகை மேசைக்கு மேலிருந்து மெல்ல மடிக்குப் போனது, யாரோ அதைப் பார்த்துவிடப் போகிறார்கள் என்பதைப்போல.

"பதினெட்டு வயது," என்றார். "எல்ஃப்ரீடே கதவிடுக்கால பார்த்துக்கொண்டு நிண்டவள். அதுவரைக்கும் நான் அவனுக்குக் கை நீட்டினதில்லை. நீ எழுத வேணுமெண்டா எழுது, சீலன். ரீச்சருக்குச் சொல்ல வேணுமெண்டா சொல்லு. நான் இனி எத்தனை நாளைக்கு. ஆனா அவன் என்ர பிள்ளை."

அவர் அழவில்லை. பழைய பூட்டு ஒன்றைத் திறந்து காட்டிவிட்டு, இனி உன் விருப்பம் என்று விலகி நிற்கிற தொழிலாளியைப்போல் இருந்தார். பத்மசீலன் அந்த முகத்தைப் பார்த்தான். வாழ்நாளில் முதல்தடவையாக அதில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. கீழே வாசல் மணி அடித்தது, ரீச்சர் முந்தியே வந்துவிட்டார். இருவரும் எழுந்துபோய்த் திறக்கவில்லை. பத்மசீலன் பேனையைத் தாளின்மேல் வைத்துவிட்டு, கதிரையை அவருக்குக் கிட்டவாக இழுத்துப் போட்டு இருந்தான்.

"ஹெர் ராட்கே," என்றான், "நாங்கள் உள்ளுக்கு இருந்தது மைக்குக்குத் தெரியுமோ?"